கதவு பூட்டு

லோன் மேடம் சாப்பிடப் போயிருக்கிறாராம், வர அரை மணி நேரம் ஆகுமாம். உட்காருங்கம்மா என்று காவலாளி ஒரு நாற்காலியைக் காட்டினார், உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் கால் வலிப்பது தெரிகிறது. பத்தொன்பது வருஷமாகத் துவாக்குடித் தெருக்களில் தபால் கொடுத்து நடந்த கால், இதற்கு என்ன வலி வேண்டிக்கிடக்கிறது. சேலைக்கு மேல் போடுகிற காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்துப் பையில் திணித்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். இங்கே நான் தபால்காரி இல்லை, வீட்டுக் கடன் வாங்கிவிட்டுக் கட்ட முடியாதவள். அதற்கும் ஒரு உடுப்பு இருந்தால் தேவலை, போட்டுக்கொண்டு வந்து நின்றால் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. எதிர்ச் சுவரில் ஒரு குடும்பம் வீட்டு வாசலில் நின்று சிரிக்கிற படம். அந்தப் பெண் குழந்தை எங்கள் கயல்விழியின் ஜாடை. இல்லை, கயலுக்கு மூக்கு இன்னும் கொஞ்சம் எடுப்பு. நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால் அம்மா வீட்டுக்கு என்ன கலர் அடிக்கப் போறீங்க என்றுதான் கேட்கிறாள். கடைசியாக அடித்த கலர் வெளிறிவிட்டது. அவளுக்கு வீடு என்றால் கலர். எனக்கு வீடு என்றால் அந்தக் கடிதம். என்ன எழுதியிருக்கும் அதில். நினைக்காதே என்று சொல்லிக்கொண்டேதான் இத்தனை தூரம் வந்தேன், உட்கார்ந்ததும் முதல் நினைப்பே அதுதான். தண்ணீர்க் கேன் குழாய் சொட்டுகிறது, யாரும் திருகி மூடவில்லை, போய் மூடலாம், எழுந்தால் நாலு பேர் என்னைப் பார்ப்பார்கள்.

பேங்குக்குப் போகவே கூடாது என்றுதான் பிரேம்நாத் சொல்லியிருந்தான். நீங்க அங்க காலெடுத்து வச்சீங்கன்னா எங்க பேச்சுவார்த்தை அத்தனையும் பாழ் மேடம். மேடம், மேடம் என்று வாய் நிறையக் கூப்பிடுவான். என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவன்தான், தெருவில் எல்லாருக்கும் நான் போஸ்ட்டம்மா. முகத்தைப் பார்த்ததில்லை, போனில் வருகிற குரல்தான், நல்ல குரல், வீட்டுக்கு மூத்த பிள்ளை மாதிரிப் பொறுப்பான குரல். நன்னிழல் கடன் தீர்வகம், சென்னை. அதன் நோட்டீஸ் எப்படி என் கைக்கு வந்தது என்று யாராவது கேட்டால் நான் வாயில் துணியை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். என் பையிலேயே வந்தது. ஐப்பசியில் கட்டுக் கட்டாக நூற்றி எண்பது நோட்டீஸ், தபால் தலை ஒட்டி, முத்திரை விழுந்து, வீட்டுக் கடன் கட்டச் சிரமமா, உங்கள் வீடு உங்களுக்கே, எங்களை அழையுங்கள் என்று. வீடு வீடாகப் போட்டேன். ஒன்று மிஞ்சியது, பழைய விலாசத்தில் ஆள் காலி செய்துவிட்டார்கள். அதைத் திருப்பி அனுப்பாமல் நானே வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஃபேப்ரிகேஷன் கம்பெனியை ஆடியிலேயே இழுத்து மூடிவிட்டார்கள், மூன்று தவணை நின்றிருந்தது, பேங்கிலிருந்து தினமும் போன். யாராவது வந்து, விடும்மா நான் பார்த்துக்கிறேன் என்று சொல்ல மாட்டார்களா என்று இருந்தது எனக்கு. சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கயலுக்காக மூன்று வருஷம் போஸ்ட் ஆபீஸில் கட்டி வந்த ஆர்.டி.யை உடைத்து அவனுக்கு அனுப்பினேன். எந்த நம்பிக்கையில் என்று கேட்டால் சிரிப்பீர்கள். தபாலில் வந்தது பொய்யாக இருக்காது என்கிற நம்பிக்கையில். பத்தொன்பது வருஷம் கை மாற்றிக் கொடுத்தவளுக்கு அப்படி ஒரு நினைப்பு எப்படியோ ஊறிவிட்டது, முத்திரை விழுந்தால் சர்க்கார் பார்த்துவிட்ட மாதிரி. எட்டாம் நம்பர் விக்டோரியா டீச்சர் அந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு, இவங்களை நம்பலாமா போஸ்ட்டம்மா என்று கேட்டார். நானே அவங்ககிட்ட பேசிக்கிட்டுத்தான் இருக்கேன் டீச்சர் என்றேன். டீச்சரும் பணம் கட்டியிருக்கிறார். இன்று காலையில்கூட என்னைப் பார்த்துச் சிரித்தார், அவருக்கு இன்னும் தெரியாது.

முதலில் தவணையை நிறுத்தச் சொன்னான். நீங்க பாதி பாதியாக் கட்டுறதுனாலதான் அவங்க பேச்சுக்கு வர மாட்டேங்கிறாங்க. பிறகு சிம்மை மாற்றச் சொன்னான், மாற்றினேன். பிறகுதான் அதைச் சொன்னான். பேங்க்லேருந்து பதிவுத் தபால் வரும் மேடம், கையெழுத்துப் போட்டு வாங்கிட்டீங்கன்னா அன்னிலேருந்து அறுபது நாள்ல வீடு போயிடும், வாங்காத வரைக்கும் கணக்கே ஆரம்பிக்காது, போஸ்ட்மேனைக் கொஞ்சம் சரிக்கட்டி வீடு பூட்டியிருக்குன்னு எழுதி அனுப்பச் சொல்லுங்க, நூறு இருநூறு குடுத்தா எழுதிடுவான். மேடம் லைன்ல இருக்கீங்களா என்றான். இருக்கிறேன் என்றேன். போஸ்ட்மேன் நான்தான் என்று அவனிடம் சொல்லவில்லை, எதற்கோ வெட்கமாக இருந்தது. கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. காலையில் பதிவுத் தபால் பிரிக்கும்போது என் பெயர், அவர் பெயர், எங்கள் விலாசம். கலியமூர்த்தி, மங்கையர்க்கரசி. பழுப்புக் கவர், பின்னால் நூல் கட்டிய ஒப்புதல் அட்டை. மற்றவர்கள் பெயரோடு என் பெயரையும் பட்டியலில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினேன். எங்கள் தெருவை எப்போதும் கடைசியில் வைத்துக்கொள்வேன், வீட்டோடு வேலை முடிந்துவிடும் என்று. அன்றைக்கும் கடைசியாகத்தான் போனேன். கேட் திறந்திருந்தது. அந்த கேட் அவரே வெல்டிங் செய்தது, மேலே வளைவாக இரண்டு மயில், நடுவில் ஒரு தபால் பெட்டி. தபால்காரி வீட்டுக்குத் தபால் பெட்டி எதுக்குங்க என்று கேட்டதற்கு, ஊருக்கெல்லாம் குடுக்குறியே உனக்கு யாரு குடுப்பா என்றார். கேட் திறந்திருந்தது, கதவும் திறந்திருந்தது. அவர் கைலியைக் கட்டிக்கொண்டு உள்ளே டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், முதுகு தெரிந்தது. நான் சைக்கிள் சீட்டின் மேல் கவரை வைத்துப் பேனாவைத் திறந்தேன். கதவு பூட்டு என்று எழுதினேன். தேதி போட்டேன். கையெழுத்தைச் சுருக்கிப் போட்டேன். யாரு மங்கையா, தபால் ஏதும் உண்டா என்று உள்ளேயிருந்து கேட்டார். புது வேலைக்கு எங்கேயோ மனுப் போட்டிருந்தார். ஒண்ணும் இல்லைங்க என்றேன்.

ஒண்ணும் இல்லைங்க. அதுதான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. எழுதியதுகூட இல்லை, எழுதியது பேனா. சொன்னது நான். திறந்த கதவைப் பார்த்துக்கொண்டே பூட்டு என்று எழுதினவள், திறந்த மனுஷனைப் பார்த்துக்கொண்டே ஒன்றுமில்லை என்று சொன்னவள். ஏழு நாள் ஆபீஸில் அந்தக் கவர் அலமாரியில் கிடந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், என் புளுகுக்கு ஏழே நாள், எட்டாம் நாள் அனுப்பியவருக்கே திருப்பு என்று முத்திரை குத்தி நானே பையில் போட்டேன். அந்த ஏழு நாளும் சோறு இறங்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன் ஒரு தடவை, உள்ளே இரண்டு தாள் மடிந்திருந்தது, எழுத்துத் தெரியவில்லை. பிரிக்கலாம் என்று தோன்றியது. ஒரு இழுப்புத்தான். கையெழுத்துப் போடாமல் பிரிக்கக் கூடாது, கையெழுத்துப் போட்டால் அறுபது நாள். பொய் எழுதத் துணிந்த கைக்குக் கவர் பிரிக்கத் துணிவு வரவில்லை, அதுதான் வேடிக்கை. தையில் இன்னொன்று வந்தது. அதற்கும் கதவு பூட்டு. இரண்டாவது தடவை எழுதிவிட்டு அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்கூட. ராத்திரி அவர், நீ வேலைக்குப் போற தைரியத்துலதான் நான் தூங்குறேன் மங்கை என்றார். ஆர்.டி. உடைத்தது தெரியாது, பிரேம்நாத்தைத் தெரியாது, பேங்க் ஏன் போன் பண்ணுவதை நிறுத்திவிட்டது என்று மட்டும் ஒரு நாள் கேட்டார். ஆள் வச்சுப் பேசிக்கிட்டு இருக்கேன், விடுங்க என்றேன். நீ பேசினா சரியாத்தான் இருக்கும் என்றார். இந்தச் சிரிக்கிற குடும்பத்தை யாராவது சுவரிலிருந்து கழற்றினால் நன்றாக இருக்கும். காவலாளி கொட்டாவி விடுகிறார். இன்னும் இருபது நிமிஷம்.

மாசியில் ஒரு நாள் பிரேம்நாத்தின் எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுநாளும் சொன்னது. பதினோரு நாள் சொன்னது. நான் என்ன செய்தேன், எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், கடிதம் எழுதினேன். ஐயா, நான் அனுப்பிய பணத்துக்கு என்ன வேலை நடந்தது என்று தெரிவிக்கவும். பதிவுத் தபால், ஒப்புதல் அட்டையோடு, என் காசு கொடுத்து. இன்று காலை பிரிக்கும்போது அது திரும்பி வந்து என் தபால் கட்டிலேயே இருக்கிறது. என் கையெழுத்தில் என் பெயர், அதன் மேல் சென்னைக்காரர் ஒருவரின் கையெழுத்து, விலாசதாரர் அங்கே இல்லை. பக்கத்தில் ராமஜெயம் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார், என்னக்கா மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு என்றார். வெயில் என்றேன், காலை எட்டரை மணிக்கு. முதலில் எனக்கு வந்த எண்ணம் என்ன தெரியுமா, அந்தச் சென்னைத் தபால்காரர் பொய் எழுதியிருப்பார். பிரேம்நாத் அவருக்கு இருநூறு கொடுத்திருப்பான். கதவு திறந்திருக்கும், உள்ளே முதுகு தெரிய அவன் உட்கார்ந்திருப்பான், இவர் படியில் நின்று எழுதியிருப்பார். எந்தத் தபால்காரர் எழுதியதையும் நான் அதுவரை சந்தேகப்பட்டதே இல்லை. ஒரு தொழிலில் ஒருத்தி பொய் சொன்னால் அவளுக்கு அந்தத் தொழிலே பொய்யாகிவிடுகிறது. பிறகு அந்த எழுத்தை உற்றுப் பார்த்தேன். நிதானமான எழுத்து, அழுத்திப் போட்ட முழுக் கையெழுத்து, பெயர் படிக்க முடிந்தது. பொய் எழுதுகிறவன் முழுப் பெயர் போட மாட்டான். அது எனக்குத் தெரியும். அப்போதுதான் புரிந்தது, நன்னிழலும் இல்லை தீர்வகமும் இல்லை. எட்டு வீதித் தபாலைக் கொடுத்துவிட்டு மீதிப் பையோடு நேரே பஸ் ஏறித் திருவெறும்பூர் வந்துவிட்டேன். பையில் இன்னும் ஒன்பது வீட்டுத் தபால் இருக்கிறது. அதுவும் தப்புத்தான். தப்புக்கு மேல் தப்பு, இனிமேல் ஒன்று கூடினால் என்ன குறைந்தால் என்ன.

என்ன எழுதியிருக்கும் அந்தக் கடிதத்தில். ஏலமாகத்தான் இருக்கும். நான் தபால் கொடுக்கிற தெருக்களில் இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன், கதவில் நோட்டீஸ் ஒட்டிப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த வீட்டுக்காரர்கள் அதற்குப் பிறகு தெருவில் எதிரே வந்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டே போவார்கள். அவர் செருப்பைப் பார்க்க மாட்டார். அவர் கேட்டைத்தான் பார்ப்பார். மயிலைக் கழற்றிக் கொண்டுபோகலாமா என்று கேட்பார், எனக்குத் தெரியும், சண்டை போட மாட்டார், கத்த மாட்டார், அதைத்தான் கேட்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. வீடு போய்விடும் என்றுகூட இல்லை, வாடகை வீட்டில் பிறந்து வளர்ந்தவள்தான் நான். யார் செய்தது என்று அவருக்குத் தெரிகிற நாளைத்தான் நினைத்துப் பயப்படுகிறேன். உள் அறைக் கதவு திறந்து எலுமிச்சைச் சாத வாசனை வருகிறது. சின்னப் பெண்தான் லோன் மேடம், முப்பது இருக்கும், கைக்குட்டையில் கை துடைத்துக்கொண்டே டிபன் பாக்ஸோடு வருகிறார். எழுந்துவிட்டேன்.

"உக்காருங்கம்மா. லோன் நம்பர் இருக்கா?"

சொன்னேன். கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்தார். எங்கள் வீடு அவ்வளவு மெலிசாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"எத்தனை போன் பண்ணினோம் தெரியுமா உங்களுக்கு? நம்பரே கிடைக்கல."

"சிம் மாத்திட்டேன் மேடம்."

"ரெண்டு லெட்டர் அனுப்பினோம். ரெண்டும் திரும்பி வந்துடுச்சு. இந்தாங்க, பாருங்க."

இரண்டு பழுப்புக் கவரை மேஜை மேல் வைத்தார். என் கையெழுத்து மேலே பார்க்கக் கிடந்தது. கதவு பூட்டு. கதவு பூட்டு.

"பிரிச்சுப் பாக்கலாமா மேடம்?"

"உங்களுக்கு வந்ததுதானேம்மா."

பிரித்தேன். இரண்டு தாள், நான் வெளிச்சத்தில் பார்த்த அதே மடிப்பு. அன்புடைய வாடிக்கையாளருக்கு என்று இருந்தது. ஏலம் என்ற வார்த்தையைத் தேடினேன், இல்லை. மறுபடி மேலேயிருந்து படித்தேன். வருமானம் குறைந்துபோனவர்களுக்காகத் தவணைக் காலத்தை எட்டு வருஷம் நீட்டித் தருகிறோம், மாதத் தவணை ஏறக்குறையப் பாதியாகும், சம்பளச் சான்றிதழோடு நீங்கள் இருவரும் முப்பது நாளைக்குள் நேரில் வந்து கையெழுத்திட்டால் போதும். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. இரண்டாவது கவரிலும் அதே கடிதம்தான், கடைசித் தேதி மட்டும் மாறியிருந்தது. தங்களிடமிருந்து பதில் வராததால் மேலும் ஒரு மாதம் அவகாசம் அளிக்கப்படுகிறது. கட்டணம் எதுவும் இல்லை. பாதித் தவணையை என் சம்பளத்திலேயே கட்டியிருப்பேன். கட்டணம் எதுவும் இல்லை. நான் ஏழு நாள் அலமாரியில் வைத்துப் பட்டினி கிடந்து திருப்பி அனுப்பியது இதைத்தான். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, மூக்கில் எலுமிச்சைச் சாத வாசனைதான் இருந்தது.

"அந்தத் திட்டம் போன மாசத்தோட முடிஞ்சு போச்சும்மா. அப்ப நீங்க ஊர்ல இல்லையா?"

"ஊர்லதான் மேடம் இருந்தோம். அவர் பகல் பூரா வீட்லதான் இருப்பாரு."

மேடம் கவரைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப இந்தப் போஸ்ட்மேன் பொய் எழுதியிருக்கார். வீட்டுக்கே வராம எழுதிட்டுப் போயிருக்கார். ரெண்டு தடவையும் ஒரே கையெழுத்து, பாருங்க." அவருக்குக் கோபம் வந்துவிட்டது, எனக்காக. "ஒண்ணு பண்ணுங்கம்மா. போஸ்ட் ஆபீஸ்ல இவர் மேல ஒரு புகார் குடுங்க. அந்தக் காப்பியைக் கொண்டாங்க. தபால்காரர் தப்பு, கஸ்டமர் தப்பு இல்லன்னு நான் மேலிடத்துக்கு எழுதிப் பாக்குறேன். பாவம், அவரால உங்க வீடு போகணுமா?"

தலையை ஆட்டினால் போதும். பிழைத்துக்கொள்ள ஒரு வழி, அதுவும் அந்தப் பெண் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். புகார் எழுத எனக்குச் சொல்லித்தர வேண்டாம், எத்தனையோ பேருக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன், எந்தப் படிவம், யாருக்கு அனுப்புவது எல்லாம் தெரியும். விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் வருவார், அன்றைக்கு அந்தத் தெரு யாருடையது என்று பார்ப்பார், நோட்டுப் புத்தகத்தில் நான் இருப்பேன். ராமஜெயம் எனக்குப் பதிலாகப் போனார் என்று சொல்லலாமா. சீச்சீ. ஒரு நொடி நினைத்தேன், நினைத்ததை மறைப்பதற்கில்லை. வேலியே பயிரை மேய்ந்தது என்று எழுதி வேலியைப் பிடுங்குவார்கள், வேலை போனால் பாதித் தவணையும் இல்லை முழுத் தவணையும் இல்லை. அது கணக்கு. நான் உண்மையைச் சொன்னது அதற்காக இல்லை. அந்தப் பெண் கவரின் மேல் விரலை வைத்துக்கொண்டு இவர், இவர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள், அந்த இவருக்காகத் திடீரென்று பாவமாக இருந்தது. திறந்த வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்ற ஒருத்தியைக் காட்டிக்கொடுக்கச் சொல்வது போல இருந்தது.

"அது என் கையெழுத்து மேடம்."

"என்னம்மா?"

"அந்த போஸ்ட்மேன் நான்தான். எங்க தெரு எனக்குத்தான்."

அவர் ஃபைலின் முதல் பக்கத்துக்குப் போனார். தொழில் என்று போட்ட இடத்தில் விரல் நின்றது. டிபன் பாக்ஸை நகர்த்தி மேஜைக்கு அடியில் வைத்தார். யார் சொல்லிச் செய்தீங்க என்று கேட்டார், சொன்னேன், பையிலிருந்து திரும்பி வந்த என் கடிதத்தையும் எடுத்து வைத்தேன். அவர் அதை எடுத்துப் படிக்கவில்லை.

"வாங்கலன்னா கணக்கு ஆரம்பிக்காதுன்னா சொன்னான்? வாசல்ல ஒட்டுவோம்மா. பேப்பர்ல போடுவோம். எப்படியும் ஆரம்பிச்சுடும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க சொன்னதை நான் கேக்கலைன்னு வச்சுக்குறேன். ஆனா என் கையில இப்ப இருக்கறது இதுதான்."

புதுக் கவர். அறுபது நாள் நோட்டீஸ். இன்று சாயங்காலம் தபாலுக்குப் போவதாம். அந்த அறுபது நாளைக்குள் நாங்கள் இரண்டு பேரும் வந்து கேட்டால் மேலே எழுதிப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். ரெண்டு பேரும் வரணும், அவருக்குத் தெரியணும் என்று இரண்டு தடவை சொன்னார்.

"கையிலயே வாங்கிக்கிறீங்களாம்மா? ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

கை நீண்டுவிட்டது. கவரில் முதல் பெயர் அவருடையது, கலியமூர்த்தி. வாங்கினால் இது பைக்குள் போகும், காக்கிச் சட்டைக்கு அடியில். அங்கிருந்து அரிசி டிரம்முக்கு அடியில். ஏதும் உண்டா மங்கை என்பார். எனக்கு என்னைத் தெரியும். கையை இழுத்துக்கொண்டேன்.

"வேணாம் மேடம். தபால்லயே அனுப்புங்க."

"ஏம்மா, நாளான்னிக்கு உங்க கைக்குத்தானே வரப்போகுது?"

"ஆமா மேடம். நானே கொண்டு போய் அவர்கிட்ட குடுத்துக் கையெழுத்து வாங்கி அட்டையை அனுப்பிடுறேன். கதவு திறந்துதான் இருக்கும். அவர் பகல்ல பூட்டுறதே இல்ல."